அயர்லாந்தில் மாப்பிள்ளை பார்க்கப் போன கதை

என் கணவருக்கு ஓர் இடத்தின் மேல் கோபம் வந்தால் அதன் பெயரைச் சொல்லமாட்டார். அயர்லாந்து எங்கள் வீட்டில் பல மாதங்களாக ‘உந்த இடம்’ என்றே அழைக்கப்பட்டது. “உந்த இடத்தில இருந்து போன் வந்ததோ?” “உந்த இடத்தில இண்டைக்கும் மழைதானோ?” எங்கள் ஒரே மகள் தாரணி உந்த இடத்தில்தான், கோர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக இருக்கிறாள். ஒரு வருடத்து வேலை என்று சொல்லிப் போனவள், அந்த வருடமும் அடுத்த வருடமும் முடிந்த பிறகு, ஒருநாள் வீடியோவில் வந்து, “நான் ஒரு ஆளை விரும்புறன்” என்றாள். நாங்கள் மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினி மேசையில், இடியப்பத்தில் கை வைத்தபடி இருந்தோம்.

இவர் கேட்ட முதல் கேள்வி: “என்ன ஆக்கள்?”

“ஐரிஷ் ஆக்கள் அப்பா.”

“அது விளங்குது. என்ன ஆக்கள்?”

யாழ்ப்பாணத்தில் இருந்து எதையெல்லாமோ விட்டுவிட்டு ஓடி வந்தோம். சாதி கேட்கிற இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டோம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. மொன்றியலில் பிறந்த தாரணிக்குக் கேள்வியின் உள்குத்து பிடிபடவில்லை. “மாடு வளர்க்கிற ஆக்கள். கனக்கக் காணி இருக்கு” என்றாள். “கமக்காரர்” என்று, ஊரில் விவசாயிகளையும் உயர்சாதியையும் குறிக்கிற சொல்லை, நான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். இவர் சொதியை ஊற்றிக்கொண்டார்.

அடுத்தது பெயர். அந்தப் பெயரை எழுதும்போது நடுவில் இரண்டு மூன்று எழுத்துகள் வேலைவெட்டி இல்லாமல் சும்மா நிற்கும். வாசிக்கும்போது ‘ஓவன்’, அவ்வளவுதான். “ஓவனோ?” என்றார் இவர். “போறணை எண்டு ஆரும் பிள்ளைக்குப் பேர் வைப்பினமோ?” போறணை என்றால் எங்கள் ஊர்ப் பேக்கரியில் பாண் சுடும் பெரிய அடுப்பு. அன்றிலிருந்து அந்தப் பொடியன் எங்கள் வீட்டில் போறணைதான்.

“நான் வந்து பாக்காமல் ஒண்டும் சொல்லமாட்டன்” என்று இவர் முடிவாகச் சொன்னார். தாரணியும் இவருடைய மகள்தானே, லேசில் விடுவாளா? “வந்து பாருங்கோ. ரெண்டு வீட்டாரும் ஓம் எண்டால்தான் கலியாணம். இல்லாட்டி நாங்கள் சும்மா ஒண்டா இருப்பம்” என்றாள். இந்த ‘சும்மா ஒண்டா இருப்பம்’ இவரைச் சுட்டுவிட்டது. கியூபெக்கில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். இவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற டிப்போவில், பேரப்பிள்ளைகள் கண்டபிறகும் கலியாணம் கட்டாத மனுசரோடு இருந்துதான் மத்தியானம் சோறு சாப்பிடுகிறார். ஆனால் அது மற்றவர்களின் பிள்ளைகள்.

ஆக, ஊர் வழக்கம் தலைகீழானது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குப் பதிலாக, மாப்பிள்ளை பார்க்க நாங்கள் கடல் தாண்டினோம். பெட்டிக்குள் முறுக்கு, பால் ரொபி, மிக்சர், மேப்பிள் சிரப். பட்டுச்சேலை ஒன்றும் வைத்தேன். “உதென்னத்துக்கு?” என்று இவர் கேட்டார். “மாட்டுக்குக் கட்டிவிட” என்றேன்.

தாரணிக்கு வேலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போறணை வீட்டில் விருந்து, அதுவரைக்கும் நீங்கள் நாட்டுப்புறம் பார்த்துக்கொண்டு மெதுவாக வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியை வாங்கும்போது இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அங்கே வண்டி இடப்பக்கமாக ஓட வேண்டும். “எனக்கென்ன? யாழ்ப்பாணத்தில இடப்பக்கம்தானே ஓடினனான்” என்றார்.

“அது சைக்கிளப்பா.”

“சைக்கிளும் வாகனம்தான். நீர் பேசாமல் இரும்.”

பெருந்தெருவில் ஒரு குறையும் இல்லை. அதை விட்டு இறங்கியதும் வந்தது வினை. அயர்லாந்தின் கிராமத்துத் தெரு என்பது இரண்டு பக்கமும் பற்றைவேலி, நடுவில் புல் முளைத்த ஒரு கோடு. எங்கள் கார் ஒன்றே வேலியில் உரசிக்கொண்டு போகிற அகலத்தில், எதிரே ஆட்கள் எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிறார்கள். அதற்கு அனுமதி உண்டு என்று பலகையும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையை நட்டவன் திரும்பி உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

எதிரே வந்த முதல் ஆள் எங்களைக் கடக்கும்போது ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை உயர்த்தினான். இவருக்கு முகம் கறுத்தது. மொன்றியலில் ஒரு ட்ரைவர் விரலைத் தூக்கினால் அதற்கு என்ன கருத்து என்று ஊருக்கே தெரியும். “நான் என்ன பிழை விட்டனான்? என்னத்துக்கு விரல் காட்டுறான்?” அடுத்தவனும் தூக்கினான். மூன்றாவதாக ஒரு கிழவி, அவவும் தூக்கினா. இவர் ஹோர்னை அமத்திப் பிடித்தார். கிழவி இன்னும் சந்தோசமாகி முழுக் கையையும் ஆட்டினா.

பிறகு வந்தது ட்ராக்டர். அது பின்னுக்குப் போகாது, நாங்கள்தான் போக வேண்டும். பனிக்குள் நீளமான மஞ்சள் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கிற மனுசன் அந்தச் சின்னக் காரை மூன்று தரம் வேலிக்குள் செருகினார். கடைசியில் ட்ராக்டர்காரர் இறங்கி வந்து, கதவைத் திறந்து, இவரைத் தெருவில் இறக்கிவிட்டு, தானே காரைப் பின்னுக்கு ஓட்டினார். நான் முன் சீற்றில் இருந்தபடி முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரோடு பவனி போனேன். இவர் மழைக்குள் நடந்து வந்தார். இறங்கும்போது அந்த மனுசன் ஏதோ நீளமாகச் சொன்னார். “ஐரிஷ் பாசை. ஒரு சொல்லும் விளங்கேல்லை” என்றார் இவர். எனக்கென்றால் அது இங்கிலீஷ் மாதிரித்தான் கேட்டது. வாயைத் திறக்காமல், மூச்சு விடாமல் பேசிய இங்கிலீஷ்.

அன்று பின்னேரம் ஒரு கிராமத்தில் பால் வாங்க இறங்கினேன். மொன்றியலில் எந்த தெப்பனருக்குள், அதாவது மூலைக்கடைக்குள், நுழைந்தாலும் ‘பொஞ்சூர்’ சொல்லித்தான் பழக்கம். வாய் தன்பாட்டில் “பொஞ்சூர்” என்றது. கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை எல்லாம் என் மேல் கொட்டத் தொடங்கினார். எனக்குத் தெரிந்தது கார்டெரி பிரெஞ்சு. நான் அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. கை கழுவு, தள்ளாதே, கடிக்காதே, முழுக்கச் சாப்பிட்டாயா கெட்டிக்காரன், இவ்வளவும்தான் என் சொத்து. “பிராவோ, கெட்டிக்காரன்” என்று அவரைப் பாராட்டினேன். அவர் பெருமையில் எனக்கு ஒரு துண்டு கேக்கைச் சும்மா தந்தார். அந்தக் கடையில் பாலும் இருந்தது, முத்திரையும் இருந்தது, மழைச் சப்பாத்தும் இருந்தது. பின்பக்கம் பியர் விற்கிற பார். அதற்கும் பின்னால் சவப்பெட்டி செய்து கொடுப்பார்களாம். “ஒருக்கால் உள்ளுக்குப் போனால் பேந்து வெளியில வரத் தேவையில்லை” என்றார் இவர். உந்த இடத்தைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இவர் வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். நாங்கள் தங்கிய வீட்டம்மா காலையில் தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். சொசேஜ் வேண்டாம், பேக்கன் வேண்டாம் என்று இவர் தலையாட்டினார். “பிளாக் புடிங்?” என்றார் அவர். புடிங் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இனிப்புத்தானே. “யெஸ், யெஸ், புடிங் குடுங்கோ” என்று இவர் இரண்டாகக் கேட்டு வாங்கி, நன்றாயிருக்கிறதே, கொஞ்சம் உப்புத் தூக்கல் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தேகம் வந்து என்ன போட்டுச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பன்றி இரத்தம் என்றார் அந்த அம்மா, மிகவும் சாந்தமாக.

இவர் கரண்டியை வைத்தார். கண்ணை மூடினார். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, “வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. இனி அந்தச் சொசேஜையும் கொண்டுவரச் சொல்லும்” என்றார்.

அன்று கடற்கரை ஓரமாக ஓடினோம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துப் பனி உருகி, சேறாகி, பிறகு மனமில்லாமல் முளைக்கிற புல் அல்ல. கண்ணுக்கு எட்டியவரை கழுவித் துடைத்த பச்சை. மழை பெய்தது, நின்றது, பெய்தது. அதை அவர்கள் மழை என்று ஒத்துக்கொள்வதில்லை. நனைந்து தோய்ந்து நிற்கிற ஒருவர் எங்களைப் பார்த்து, “நல்ல நாள், என்ன?” என்றார். ஒரு மேட்டில் காரை நிறுத்தி, கடலைப் பார்த்தபடி பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தோம்.

“நேரை அங்காலை என்ன?” என்று இவர் கேட்டார்.

“கனடாதான். வேறென்ன?”

கோப்பையைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு, “அவள் திரும்பி வரமாட்டாள் என்ன?” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போறணை என்கிறதும் என்ன ஆக்கள் என்கிறதும் சும்மா. இந்த மனுசனுக்குப் பிரச்சினை கடல். ஓம் என்று சொன்னால் பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவாள். இல்லை என்றாலும் அங்கேதான் நிற்பாள், கோபத்தோடு. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போறணையின் கிராமத்துக்குப் பக்கத்தில் பெக் என்ற விதவை அம்மாவின் வீட்டில் எங்களுக்கு அறை. வழியில் யாராவது ஒரு விரலைத் தூக்கினால் அது ‘வணக்கம்’ என்று பெக்தான் விளக்கினார். இவர் வெட்கப்பட்டு, போகிற வழியெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே வந்தார். ஆள் இல்லாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு லொறிக்கும் தூக்கினார்.

பெக் வீட்டு வாசலிலேயே இவரை நிறுத்தி ஒரு பாடம் எடுத்திருந்தேன். நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மேல் வீட்டு கியூபெக் வெள்ளைக்கார அம்மா கோப்பி வேண்டுமா என்று கேட்டா. மரியாதைக்கு “வேண்டாம்” என்றேன். இரண்டாம் தரம் கேட்பா, மூன்றாம் தரம் வற்புறுத்துவா, பிறகு குடிக்கலாம் என்று இருந்தேன். அவ “சரி” என்று சொல்லிக் கேத்திலை உள்ளே வைத்துவிட்டா. தொண்டை காய்ந்து செத்தேன். “அதாலை சொல்லுறன், வெள்ளைக்காரர் ஒருக்கால்தான் கேப்பினம். கேட்டவுடன ஓம் எண்டு சொல்லிப்போடுங்கோ.”

போறணை வீட்டு வாசலில் தாரணியும் பொடியனும் நின்றார்கள். உயரமான பிள்ளை, காது இரண்டும் சிவந்திருந்தன. “வாங்கோ மாமா. சுகமா இருக்கிறியளோ?” என்றான், தாரணி சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல். இவர் “ஃபைன், தேங்க்யூ” என்றார். எனக்கு இவரின் முதுகில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது.

தாய் நோரீன், தகப்பன் டெனிஸ். உள்ளே கால் வைத்ததும் நோரீன், “தேநீர் குடிப்பீர்களா?” என்று கேட்டார். “யெஸ்!” என்றோம் நாங்கள் இரண்டு பேரும், ஒரே குரலில், ஒரு நொடியும் தாமதிக்காமல். நோரீனின் முகத்தில் ஒரு திகைப்பு. அடுத்த தரம் கேட்பதற்கு இழுத்து வைத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தாரணி என் காதுக்குள், “அம்மா! இஞ்சை ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லவேணும். உடன ஓம் எண்டால் பசிச்சுப்போய் வந்த ஆக்கள் மாதிரி” என்றாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடல் கடந்து போய், எங்கள் ஊர்ப் பழக்கமே உள்ள வீட்டுக்குள், மொன்றியல்காரி மாதிரி நடந்துவிட்டேன்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மசித்தது, உருளைக்கிழங்கு வாட்டியது, உருளைக்கிழங்கு அவித்தது. நடுவில் ஒரு துண்டு மாட்டிறைச்சி, துணைக்கு ஒரு கரண்டி கரட். இவர் மூன்று கிழங்கையும் ஒன்றோடொன்று பிசைந்து, சோறும் கறியும் போல வாயில் வைத்தார். நான் கொண்டுபோன முறுக்கை டெனிஸ் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தார். அதன்பிறகு தட்டை யாருக்கும் தள்ளவில்லை. சாப்பிட்டு முடிய இரண்டு ஆண்களும் மாடு பார்க்கப் போனார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தால் அண்ணனும் தம்பியும் போல இருந்தது. இவர் ஒரு பசுவின் நெற்றியைத் தடவியதை யன்னலால் பார்த்தேன்.

தாரணிக்குப் பின்னேர வேலை. அவளும் ஓவனும் முதலில் கோர்க்குக்குப் புறப்பட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்களும் எழும்பினோம். இவர் வாசலில் நின்று கை கூப்பி, தன் இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார்: “வீ வில் கோ அண்ட் கம்.”

நோரீன் மலர்ந்துபோய் ஏதோ கேட்டார். எங்களுக்குப் பிடிபட்டது ‘ரீ’ என்ற ஒரே ஒரு சொல்தான். குடித்த தேநீர் எப்படி என்று கேட்கிறார் போலும். “வெரி நைஸ், வெரி நைஸ்” என்றார் இவர். நானும் தலையாட்டினேன். காரில் ஏறியதும், “என்னப்பா, பிடிச்சுதோ?” என்று கேட்டேன். “பாப்பம்” என்றார். பெக் வீட்டுக்குப் போய், நேரமாற்றக் களைப்பில் சட்டையும் மாற்றாமல் படுத்து, பட்ட மரமாய் நித்திரை கொண்டோம்.

திங்கள் காலை பெக் முட்டையை வைத்துவிட்டு நின்றார். போகவில்லை. “நேற்று உங்களுக்குச் சுகமில்லையா?” என்றார்.

“நல்ல சுகம். ஏன்?”

“இல்லை, நோரீன் வீட்டில் எல்லாரும் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். டெனிஸின் தமக்கைமார் வந்திருந்தார்களாம். பாதிரியாரும் வந்தாராம். நீங்கள் திரும்பி வருவதாகச் சொன்னீர்களாமே, ரீக்கு.”

ரீ என்றால் அங்கே இராச்சாப்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. பெக் மெல்லிய குரலில் தொடர்ந்தார். கூப்பிட்டுக் கேட்போம் என்று டெனிஸ் சொன்னாராம். வர மனமில்லாதவர்களை இழுத்து வரக்கூடாது என்று நோரீன் சொல்லிவிட்டாராம். எல்லாரும் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கலைந்து போனார்களாம்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தாரணி. அழுத குரல். “அப்பாட்டைக் குடுங்கோ.” நான் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

“அப்பா, விருப்பமில்லாட்டி நேர சொல்லியிருக்கலாம். திரும்பி வாறம் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டால் அவை என்ன நினைப்பினம்? வீட்டையும் மாட்டையும் பாத்துப்போட்டு வேண்டாமெண்டு போட்டினம் எண்டு நோரீன் ஓவனிட்டைச் சொல்லியிருக்கிறா.”

“ஆர் சொன்னது திரும்பி வாறம் எண்டு?”

“நீங்கள்தான்! கோ அண்ட் கம் எண்டனீங்களாம்!”

எனக்குப் பகீரென்றது. கடவுளே, ‘போட்டு வாறம்’, போய் வருகிறோம்! எங்கள் சனத்தில் யார் ‘போறன்’ என்று சொல்லிக்கொண்டு படி இறங்குவார்கள்? சொன்னால் வாயிலேயே ஒன்று விழும். மெட்ரோவுக்குப் போனாலும் போட்டு வாறன், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போட்டு வாறன். இந்த மனுசன் அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷாக்கி அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்! எங்கள் ஊரிலும் சம்பந்தம் பிடிக்காதவர்கள் இதைத்தானே செய்வார்கள். பலகாரம் சாப்பிட்டு, சிரித்துக் கதைத்து, “பேந்து வாறம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு தலை தெரியாது.

இவருக்கு முதலில் வந்தது கோபம். “அதுகளுக்கு இங்கிலீஷ் விளங்காட்டி அதுக்கு நான் என்ன செய்யிறது?” என்று அயர்லாந்து முழுவதையும் பார்த்துக் கேட்டார்.

நான் போனை வைத்தேன். எனக்கும் கோபம் ஏறியிருந்தது. “இனி என்ன, உங்களுக்கு வேலை மிச்சம். வேண்டாமெண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்? சொல்லாமலே சொல்லியாச்சு. பெட்டியை அடுக்கவோ?”

இவர் முட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “பாதிரியாரும் வந்தவரோ?” என்று கேட்டார். பிறகு, “தமக்கைமாரும்?” என்றார். எழும்பினார். “சாவியை எடும்.”

அன்று இவர் அந்த ஒடுங்கிய தெருவில் ஓட்டிய ஓட்டத்தைப் பலகை நட்டவன் பார்த்திருக்க வேண்டும். எதிரே வந்தவர்கள்தான் பின்னுக்குப் போனார்கள்.

நோரீன் கதவைத் திறந்தார். “ஓ, வந்தீர்களா” என்றார். முதல்நாள் சிரிப்பு இல்லை. குசினிக்குள் அவருடைய நல்ல கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. ஒரு பெரிய பன்றித்தொடை, வெட்டியது பாதி வெட்டாதது பாதி. இரண்டு அப்பிள் பை, கத்தி படாமல். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. எங்களுக்காக ஒரு வீடு இவ்வளவு சமைத்துக் காத்திருக்க, நாங்கள் குறட்டை விட்டிருக்கிறோம். டெனிஸ் மாட்டுப் பட்டியில் இருந்து சப்பாத்துச் சேறோடு வந்து வாசலில் நின்றார்.

இவர் தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷைத் தேடி எடுத்துச் சொன்னார். எங்கள் பாசையில் ‘போகிறேன்’ என்று விடைபெறக் கூடாது. செத்தவர்கள்தான் போவார்கள். உயிரோடு இருப்பவர்கள் போய் வருவார்கள். அதைத்தான் சொன்னேன். நேரம் குறித்துச் சொல்லவில்லை. உங்களை அவமதிக்க நினைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

டெனிஸ் இந்த முறை எனக்கும் விளங்கும்படி மெதுவாகப் பேசினார். “அப்படியானால் எங்கே போனாலும் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவீர்களா?”

“ஓம்.”

“கடைக்கும்?”

“கடைக்கும்.”

“பல் வைத்தியரிடமும்?”

“அவரிட்டையும்தான்.”

“சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாத இடம் ஏதாவது இருக்கிறதா?” டெனிஸ் பகிடியாகத்தான் கேட்டார்.

இவர் சிரிக்கவில்லை. “ஒரு இடம் இருக்கு” என்றார். யாழ்ப்பாணத்தில் தான் பிறந்த வீட்டைத்தான் சொன்னார். அங்கே இப்போது வீடும் இல்லை, வந்தவரை வா என்று சொல்ல ஆளும் இல்லை. இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் நோரீன் இவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “இருங்கள். தேநீர் குடிப்பீர்களா?”

“நோ, நோ” என்றார் இவர்.

“கொஞ்சமாவது?”

“நோ, நோ. வேண்டாம்.”

“குடிக்கத்தான் போகிறீர்கள்!” என்று நோரீன் அதட்டினார். அவருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. தேநீரோடு பன்றித்தொடையும் வந்தது, உருளைக்கிழங்கும் வந்தது, அப்பிள் பையும் வந்தது. காலைச் சாப்பாட்டின் மேல் இராச்சாப்பாட்டைச் சாப்பிட்டோம். நாங்கள் வந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டு, தாரணியும் ஓவனும் கோர்க்கில் இருந்து அடித்துப் பிடித்து வந்து உள்ளே பாய்ந்தபோது, இவர் இரண்டாவது துண்டு அப்பிள் பையின் மேல் கிரீம் ஊற்றிக்கொண்டிருந்தார். தாரணியின் கண் வீங்கியிருந்தது. தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் ஓவனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்கு அன்றைக்கே விமானம். புறப்பட வேண்டிய நேரம். எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். இவர் கை கூப்பினார். “வீ வில்...” என்று தொடங்கி நின்றுவிட்டார்.

அத்தனை பேரும் அவருடைய வாயையே பார்த்தோம். ‘போறம்’ என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. மற்றதைச் சொல்லப் பயம். டெனிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கடைசியில் இவர் சின்னக் குரலில், “கோ அண்ட் கம்” என்றார்.

“எப்போது?” என்று கேட்டார் நோரீன். இந்த முறை விடுவதாக இல்லை.

இவர் தாரணியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பொடியனைப் பார்த்தார். “ஓகஸ்ட்” என்றார்.

“ஓகஸ்டில் என்ன விசேஷம்?” என்றார் டெனிஸ்.

“கலியாணத்துக்கு.” அந்தச் சொல் அவருக்கு இங்கிலீஷில் வரவில்லை.

நோரீன், “என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?” என்று தாரணியைப் பிடித்து உலுக்கினார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. ஓவன் படித்து வைத்திருந்த தமிழில் அது இல்லை. காது சிவக்க, பயந்துபோய் என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் நான்தான் மொழிபெயர்த்தேன். “வெடிங்” என்றேன். “ஹீ வில் கம் ஃபோர் த வெடிங்.” என்னிடம்கூட அவர் அதுவரைக்கும் ஓம் என்று சொல்லியிருக்கவில்லை.